சமாளித்துக்கொள்கிறோம்

காலையில் எழுந்ததும் ஹெல்கா முதலில் போவது ஜன்னலுக்குத்தான். திரையை இரண்டு விரல் அகலம் விலக்கி, இரவில் பனி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். விழவில்லையென்றால் திரை முழுவதும் திறக்கும். காபிப் பாத்திரம் அடுப்பில் ஏறும். வானொலி பேசத் தொடங்கும். விழுந்திருந்தால் சாலைப் பக்கத்து ஜன்னல்கள் மூன்றையும் மூடி, திரைகளின் ஓரங்களைத் துணிக் கவ்விகளால் இறுக்கி, விளக்கைப் போட்டுவிட்டு, "வெளிய மழை, தௌனோ. ஒரே சகதி" என்று சொல்வதற்குத் தயாராக நிற்பாள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, நான்கு குளிர்காலங்களாக, இதில் ஒரு நாள்கூட மாற்றமில்லை.

அவள் கணவன் தௌனோ முப்பத்தோர் ஆண்டுகள் பனி வாரும் வண்டி ஓட்டியவன். பள்ளிப் பேருந்து ஏழேகாலுக்கு எங்கள் ஹௌகிலம்பி ஊருக்கு வரும். அதற்குள் பதினெட்டு கிலோமீட்டர் சாலை திறந்திருக்க வேண்டும். அத்தனை ஆண்டுகளில் பேருந்து ஒரு நாளும் நின்றதில்லை. மறதி நோய் அவனிடமிருந்து தம்பியின் பெயரை எடுத்துக்கொண்டது. கரண்டி பிடிக்கும் விதத்தை எடுத்துக்கொண்டது. அந்த வண்டியை மட்டும் விட்டுவைத்தது. சாலையில் புதுப் பனியைக் கண்டால் போதும், உள்சட்டையோடு மண்வாரியைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு நடந்துவிடுவான். மரம் ஏற்றிய லாரிகள் பாய்ந்து வரும் சாலை அது. இரண்டு முறை லாரிக்காரர்களே அவனை ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். மூன்றாம் முறை ஹெல்கா துரத்திக்கொண்டு ஓடினாள். உறைந்த பள்ளத்தில் விழுந்து அவள் இடுப்பைக் கெடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஹெல்காவுக்கு எழுபத்து மூன்று வயது. முப்பது ஆண்டுகள் எங்கள் பள்ளியில் சமையல் செய்தவள். நூறு பிள்ளைகளுக்கு மீன் சூப்பு காய்ச்சிய அதே ஒழுங்கோடு ஒரு மனிதனின் நாளைக் காய்ச்சி இறக்கினாள். முகச்சவரம், ஓட்ஸ் கஞ்சி, மாத்திரை, படுக்கை விரிப்பு, கால் உறை. சட்டைப் பொத்தான்களை மட்டும் தௌனோவே போடவேண்டும். அதற்குக் கால்மணி நேரம் ஆகும். அவள் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவுவாள். "நான் போட்டா ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் அவன் கைக்கு என்ன வேலை?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். சாலைக்கு எதிர்ப்புறம் என் வீடு. காலைக் காபி பெரும்பாலும் அவர்களுடைய மேசையில்தான் எனக்கு.

அந்தக் குளிர்காலத்தில் மருத்துவர் சொல்லிவிட்டார்: ஜூன் மாதம் இடுப்பு மூட்டை மாற்றவேண்டும், ஆறு வாரம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது. அந்த ஆறு வாரம் தௌனோவைப் பார்க்க மாற்று ஆள் வேண்டும். வட்டார நலவாரியம் யாரைப் பராமரிப்பாளராக ஏற்று மாதப் படி வழங்குகிறதோ அவர்களுக்குத்தான் மாற்று ஆள். ஏற்காவிட்டால் தௌனோ தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி நகரத்தில் உள்ள நீண்டகால விடுதிக்குப் போகவேண்டும். எங்கள் ஊரிலிருந்து அங்கே போன மூவரில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. ஹெல்கா விண்ணப்பம் போட்டாள். வாழ்க்கையில் அவள் பிறரிடம் கேட்ட முதல் பொருள் அதுதான்.

பிப்ரவரியில் வாரியத்திலிருந்து மேர்வி என்ற பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டை எப்படி வைப்பார்களோ, அப்படியே ஹெல்காவும் வைத்தாள். மூன்று நாள் தரையைத் தேய்த்தாள். பழந்துணியில் நெய்த தரைவிரிப்புகளைப் பனியில் அடித்துத் துவைத்துப் போட்டாள். படுக்கைக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பையும் துணிக் கட்டுகளையும் விறகுக் கொட்டகைக்கு அனுப்பினாள். ஏலக்காய்ப் பன் சுட்டாள். பட்டப்பகலில் திரை மூடியிருந்தால் வீட்டில் சாவு என்று நினைப்பார்களே என்று, நல்லவேளையாகப் பனி விழாத அந்த நாளில், எல்லாத் திரைகளையும் விரியத் திறந்தாள்.

தௌனோ இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். விருந்தாளியைக் கண்டால் அவனுக்குள் எங்கிருந்தோ பழைய தௌனோ எழுந்து வந்துவிடுவான். அரைமணி நேரம் இருப்பான். பிறகு இரண்டு நாள் அதற்கு விலை கொடுப்பான்.

"உக்காருங்க, உக்காருங்க. ரோடு எப்படி இருந்துச்சு?" என்று மேர்வியைக் கேட்டான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"இருக்கும். நம்ம ரோடு." அவனே கெட்டிலை எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அவளுடைய கோப்பையில் காபி ஊற்றினான். நான்கு ஆண்டுகளில் அவன் காபி ஊற்றி நான் பார்த்ததில்லை. ஹெல்காவின் கண் கலங்கிவிட்டது. அதை மேர்வி பெருமிதம் என்று நினைத்திருக்கலாம். பாதி அது பெருமிதமும்தான்.

மேர்வி படிவத்தைத் திறந்தாள். "ராத்திரியில எழுந்துக்கிறாரா?"

ஹெல்கா கணவனைப் பார்த்தாள். அவன் ஆர்வத்தோடு, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்த பிள்ளையைப் போல, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பவாவது," என்றாள் ஹெல்கா.

"கழிப்பறைக்குத் தானே போறாரா? உதவி வேணுமா?"

"சமாளிச்சுக்கிறோம்."

"உங்களுக்கு ரொம்பச் சிரமமா இருக்கா?"

"சமாளிச்சுக்கிறோம்மா. இன்னொரு பன் எடுத்துக்குங்க."

பதினேழு கேள்விகள். பதினொன்றுக்கு அதே பதில். நானும் அந்த மேசையில் இருந்தேன். பேசியிருக்க வேண்டும், அவர்கள் வீட்டுச் சங்கதி என்று பன்னைத் தின்றுகொண்டு பேசாமலிருந்தேன். மேர்வி கெட்டவள் அல்ல. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதிக்கொண்டு போனாள்.

அவள் கார் திரும்பியதும் நான் கேட்டேன்: "ஹெல்கா, ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அவன் உக்காந்திருக்கான். காபி ஊத்துறான். அவன் முன்னால வச்சு, இவன் படுக்கையை நனைக்கிறான்னு சொல்லணுமா? அவனுக்கு நாளைக்கு மறந்துடும். சொன்ன எனக்கு மறக்குமா?"

மார்ச் மாதம் வட்டார மன்றத்தில் வரவுசெலவு விவாதம் நடந்தது. பராமரிப்புப் படிக்கான தகுதியை இறுக்குவதா வேண்டாமா என்பதே பேச்சு. உள்ளூர் வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. கடையில், பேருந்து நிறுத்தத்தில், எங்கும் அதைப் பற்றித்தான் வாதம். கடைக்காரி பெட்டிமேல் வானொலியை வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டிருந்தாள்.

நான் ஹெல்காவின் சமையலறையில் கேட்டேன். முன்னாள் செவிலி ஒருத்தி எழுந்து, "விடுதியில ஒரு படுக்கைக்கு ஆகிற செலவுல, வீட்டுல பாத்துக்கிற அஞ்சு பேருக்குப் படி கொடுக்கலாம். மிச்சம் பிடிக்கிறோம்னு சொல்லி வீண் செலவுதான் பண்றோம்" என்றாள். அடுத்தவர், பென்ஷன் வாங்குகிறவர்கள் பெருகுகிறார்கள், வரி கட்டுகிறவர்கள் குறைகிறார்கள், பாவப்பட்டால் கணக்கு ஒத்துவராது என்றார். அதன் பிறகு கேட்ட குரல் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த குரல். தௌனோவின் தம்பி இல்போ. ஏரியின் அக்கரையில் பால்பண்ணை வைத்திருந்தவன், மனைவியை இழந்தவன், இரண்டாம் முறையாக மன்ற உறுப்பினன்.

"தலைவர் அவர்களே, என் அண்ணனுக்கு மறதி நோய். அவனை என் அண்ணி ஹெல்கா பாத்துக்கிறாங்க. அந்த வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க. தரையில முகம் தெரியும். அடுப்புல காபி, மேசையில பன். நாலு வருஷமா யார்கிட்டயும் போய் நின்னதில்ல, முணுமுணுத்ததில்ல. நாம எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். புருஷன் சட்டையைத் துவைக்கிறதுக்குச் சர்க்கார் கூலி கொடுக்கணும்னு அந்த அம்மா கேட்டாங்களா?"

மன்றத்தில் கை தட்டினார்கள். ஹெல்கா தரையில் மண்டியிட்டுத் தௌனோவுக்குக் கால் உறை மாட்டிக்கொண்டிருந்தாள். வீங்கிய காலில் இறுக்கமான உறை. இழுக்க இழுக்க நழுவியது.

"யாரது பேசுறது? தெரிஞ்ச குரலா இருக்கே," என்றான் தௌனோ.

"உன் தம்பி."

"என்ன சொல்றான்?"

"நம்மளப் புகழ்றான்."

"நல்ல பையன்," என்றான் தௌனோ மனநிறைவோடு.

தகுதியை இறுக்கும் தீர்மானம் ஆறு வாக்குகள் வித்தியாசத்தில் நிறைவேறியது. பத்து நாளில் கடிதம் வந்தது. வீட்டுச் சூழல் மிக நன்று. பராமரிக்கப்படுபவர் உரையாடலில் கலந்துகொள்கிறார், காபி பரிமாறினார். புதிய அளவுகோலின்படி மதிப்பெண் போதவில்லை. ஹெல்கா கடிதத்தை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்குக் கீழே வைத்தாள். 

அடுத்த ஞாயிறு இல்போ வந்தான். ஏரிப் பனிக்கடியில் வலை போட்டுப் பிடித்த மீன் ஒரு வாளி. முகத்தில் நல்ல காரியம் செய்தவனின் சிரிப்பு.

"அண்ணி, வானொலி கேட்டீங்களா? அன்னிக்கு ராத்திரியே அஞ்சு பேரு போன் பண்ணிட்டாங்க. உங்க பேரைச் சொன்னதும் ஹாலே எழுந்து தட்டுச்சு."

"கேட்டேன். மீனை அந்தத் தொட்டியில போடு."

"என்ன, சந்தோஷமே இல்லாம இருக்கீங்க?"

ஹெல்கா கத்தியை எடுத்து மீனின் வயிற்றைக் கீறினாள். "உனக்கு ஒரு கதை சொல்றேன் கேளு. பள்ளிக்கூட அடுக்களைக்கும் வகுப்புக்கும் நடுவுல பலகைச் சுவருதான். வாத்தியார் சொல்ற கதை எல்லாம் என் காதுல விழும். ஒருத்தன்கிட்ட ரெண்டு குதிரை. ஒண்ணு மேட்டுல ஏறுறப்போ மூச்சு வாங்கும், நுரை தள்ளும், நின்னு நின்னு போகும். இன்னொண்ணு சத்தமே காட்டாம ஏறும். ஊரு கூடி அந்த ரெண்டாவது குதிரையைப் புகழ்ந்துச்சு. கழுத்துல வெண்கல மணி கட்டுச்சு. கட்டிட்டு, முதல் குதிரையோட மூட்டையையும் தூக்கி இது முதுகுல வச்சுது."

"அப்புறம்?"

"வாத்தியார் கதையில, பொறுமையா இருந்ததுக்குக் கடைசியில ஒரு கூடை ஓட்ஸ் கிடைக்கும். என் கதையில குதிரை பாதி மேட்டுல உக்காந்துடுச்சு. இடுப்பு போயிடுச்சு."

அந்த வாத்தியார் நான்தான். அதே மேசையில்தான் இருந்தேன். நாற்பது ஆண்டுகள் அந்தக் கதையை ஓட்ஸ் கூடையோடு முடித்ததற்காக அன்று முதன்முதலாக வெட்கப்பட்டேன்.

இல்போவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. ஹெல்கா சர்க்கரை டப்பாவைத் தூக்கிக் கடிதத்தை நீட்டினாள். அவன் இருமுறை படித்தான்.

"நீங்க விண்ணப்பம் போட்டிருந்தீங்களா? எனக்குத் தெரியாதே."

"கேட்டாத்தானே தெரியும்? நீ வருவ, காபி குடிப்ப, தரை பளபளன்னு இருக்குன்னு சொல்லிட்டுப் போவ. நாலு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'அண்ணி, நீங்க தூங்குறீங்களா'ன்னு கேட்டிருப்பியா?"

"அண்ணி, நான் நல்லதா நினைச்சுத்தான்..."

"தெரியும்டா. அதனாலதான் கத்தியை மீன்மேல வச்சிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சனிக்கிழமை அவனை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மத்தியானத்துலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். சவுனாவுல ஆவிக் குளியல் போட்டு, சோறு போட்டு, கொண்டுவந்து விடு."

"அவ்வளவுதானே? ஒரு பிரச்சினையும் இல்ல."

"பையில ரெண்டு கால்சட்டை வைக்கிறேன்."

"ரெண்டு எதுக்கு?"

"மூணாவே வைக்கிறேன்."

அந்தச் சனிக்கிழமை ஹெல்காவின் புகைபோக்கியில் புகை இல்லை. கவலையோடு போய்ப் பார்த்தேன். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை விசிப்பலகையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுப்பை மூட்டிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பினேன்.

அக்கரையில் அன்று நடந்ததை இல்போ பல நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னான். ஒருமணிக்குப் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அவன் வீட்டில் திரைகளே கிடையாது. தௌனோ எழுந்து நின்றான். தம்பியைச் சாலைத் துறை மேற்பார்வையாளர் என்று நினைத்துக்கொண்டு, "சார், சாவியைக் கொடுங்க, நேரமாச்சு" என்றான். ஐந்து முறை, பத்து முறை, நாற்பது முறை கேட்டான். வாசலிலிருந்து இழுத்து உட்கார வைத்தால் மறு நிமிஷம் வாசலில் நின்றான். சவுனாவின் வெப்பத்தில் அமைதியடைவான் என்று இல்போ அவனை அங்கே அழைத்துப் போனான். கல்லில் நீரூற்றி ஆவி எழுந்ததும் அண்ணன் உடம்பு தளர்ந்தது, குடலும் தளர்ந்தது. இல்போ கழுவினான். தன்னைத் தோளில் சுமந்து நீந்தக் கற்றுக்கொடுத்த உடம்பை அவன் கழுவியது அதுவே முதல் முறை. கழுவி, துவட்டி, உடை மாற்றியதும், தௌனோ ஈரத் தலையோடு மறுபடியும், "சார், சாவி" என்றான். மூன்றாவது கால்சட்டை முடிந்தபோது மணி மூன்றேமுக்கால்தான்.

அப்போது இல்போ ஒரு காரியம் செய்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

சாயங்காலம் அண்ணனைக் கொண்டுவந்து விட்டபோது அவன் முகம் சாம்பலாக இருந்தது. "எப்படி இருந்துச்சு?" என்று ஹெல்கா கேட்டாள். "சமாளிச்சோம்," என்றான். அந்தச் சொல் தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு, காரில் ஏறப் போனவன் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றான்.

மறுநாளே மேல்முறையீட்டுப் படிவத்தைக் கொண்டுவந்து ஹெல்காவிடம் கையெழுத்து வாங்கினான். ஏப்ரல் கடைசியில் மேர்வி இரண்டாம் முறை வந்தாள். ஏரிப் பனி உடைந்து கரையில் முனகிக்கொண்டிருந்த நாள். அன்றும் தரை தேய்க்கப்பட்டிருந்தது, பன் சுடப்பட்டிருந்தது. தௌனோ நீலச் சட்டையில் இருந்தான். ஹெல்காவின் பக்கத்தில் இல்போ, வாசலோரம் நான்.

"ராத்திரியில எழுந்துக்கிறாரா?" என்று மேர்வி தொடங்கினாள்.

"எப்பவாவது..." என்று ஹெல்கா இழுத்தாள்.

இல்போ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "வாத்தியாரே, அண்ணனை விறகுக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போங்க. கட்டை அடுக்கணும்னு சொல்லுங்க."

நான் எழுந்து தௌனோவின் கையைப் பிடித்தேன். வேலை என்றதும் மகிழ்ச்சியாக வந்தான். அவனுக்குப் பூட்ஸ் மாட்ட நேரமாயிற்று. முன்கூடத்துக் கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

"அம்மா, அந்தப் பேனாவைக் கீழ வைங்க. முதல்ல கேளுங்க," என்றான் இல்போ. "போன மாசம் ஒரு சனிக்கிழமை, ஆறு மணி நேரம் அவனை நான் பாத்துக்கிட்டேன். மூணே முக்காலுக்கு என்னால முடியல. சவுனாவோட உடை மாத்துற அறையில அவனை விட்டு, வெளிய கொண்டி போட்டுட்டேன். போட்டுட்டு விறகுமேல உக்காந்தேன். பத்து நிமிஷம். உள்ள இருந்து அவன் கதவைத் தட்டல, கத்தல. மெதுவா, 'யாராவது இருக்கீங்களா? புள்ளைங்க ரோட்டுல நிக்குது'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எனக்குக் காது கேட்டுச்சு. நான் எழுந்திருக்கல. சொந்த அண்ணன். நான் வட்டார மன்ற உறுப்பினன், இந்த வீட்டைப் பத்தி ஹால்ல நின்னு பேசினவன். அதையும் எழுதுங்க."

 பிறகு இல்போவின் குரல் உடைந்து கேட்டது. "அண்ணி, உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். முகத்தைப் பாத்துச் சொல்ல முடியல."

"எவ்வளவு நேரம்னு சொன்ன?" என்று கேட்டாள் ஹெல்கா.

"பத்து நிமிஷம்."

"நான் இருபது நிமிஷம் போட்டிருக்கேன். ஜனவரியில. நிலவறையில." அவள் குரலில் அழுகை இல்லை, பெரிய பாரத்தைத் தரையில் இறக்கி வைக்கிறவளின் மூச்சுதான் இருந்தது. "ரெண்டு தடவை."

மேர்வி படிவத்தின் பக்கங்களைத் திருப்பும் ஓசை கேட்டது. முதல் பக்கத்துக்குப் போயிருக்கவேண்டும்.

"ராத்திரியில எழுந்துக்கிறாரா?"

"நாலு தடவை. சில நாள் ஆறு," என்றாள் ஹெல்கா.

நான் தௌனோவோடு கொட்டகைக்குப் போய்விட்டேன். ஒன்றரை மணி நேரம் கட்டை அடுக்கினோம். நான் அடுக்கியதைக் கலைத்து அவன் நேராக அடுக்கினான். மேர்வி காருக்குப் போகும் வழியில் கொட்டகைக்குள் தலையை நீட்டி, அங்கே கொடியில் தொங்கிய ரப்பர் விரிப்பையும் துணிக் கட்டுகளையும் பார்த்தாள்.  தௌனோவுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனாள்.

மே மாதம் இரண்டாம் வாரம் கடிதம் வந்தது. படி உண்டு, ஜூனில் ஆறு வாரத்துக்கு மாற்று ஆளும் உண்டு. இல்போ அதைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"அண்ணி, உங்களுக்குக் கிடைச்சுடுச்சு. ஆனா அந்தத் தீர்மானத்துக்கு விழுந்த வாக்குல ஒண்ணு என்னோடது. மத்தவங்களுக்காக எடுத்துச் சொல்றதுக்கு என்னை மாதிரி ஒரு தம்பி இருக்கானோ இல்லையோ. அடுத்த கூட்டத்துல பேசலாம்னு இருக்கேன். உங்க பேரைச் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க."

ஹெல்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "புகழ்றப்போ பேரைச் சொன்னல்ல? இப்பவும் பேரைச் சொல்லியே சொல்லு."

கூட்டம் ஒரு வியாழக்கிழமை நடந்தது. வானொலியில் சாலைப் பராமரிப்பு பற்றி நீண்ட நேரம் பேசினார்கள். தௌனோ மட்டும் ஆர்வமாகக் கேட்டான். பிறகு தலைவர் இல்போவின் பெயரைச் சொன்னார்.

"மார்ச் மாசம் இந்த ஹால்ல என் அண்ணி ஹெல்காவைப் பத்திப் பேசினேன். நீங்க கை தட்டினீங்க. நான் சொன்னது தப்பு. அந்த வீட்டுத் தரை பளபளன்னு இருக்கிறதுக்குக் காரணம், ராத்திரி நாலு தடவை அதைத் துடைக்கிறாங்க. அவங்க முணுமுணுக்கலைன்னு சொன்னேன். நான்தான் காது கொடுக்கல. ஆறு மணி நேரம் அந்த வேலையை நான் பாத்தேன். பாதியில என் அண்ணனை உள்ள வச்சுக் கொண்டி போட்டேன்."

மன்றத்தில் யாரோ இருமினார்கள்.

"உறுப்பினர் அவர்களே," என்றார் தலைவர், தர்மசங்கடமான குரலில், "இது இன்றைய விவாதப் பொருளில் இல்லையே."

"இல்லதான், தலைவர் அவர்களே. மார்ச்சுல நான் பேசினதும் எனக்குத் தெரியாத பொருள்தான். அதைக் குறிப்பேட்டுல ஏத்தியிருக்கீங்க. இதையும் அதுக்குப் பக்கத்துலயே ஏத்துங்க. தகுதியை இறுக்கின தீர்மானத்தைத் திரும்ப எடுத்துப் பேசணும்னு மனு கொண்டுவந்திருக்கேன். முதல் கையெழுத்து என்னோடது. இன்னும் பன்னிரண்டு கையெழுத்து வேணும். இடைவேளையில வாசல்ல நிக்கிறேன்."

அன்று கை தட்டல் இல்லை. நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்து, இல்போவின் மைக்கை நோக்கி ஒரு காலடி நெருங்கும் ஓசை மட்டும் வானொலியில் கேட்டது. பிறகு இன்னொன்று.